ஒரு கல்லூரி, இரு வகுப்பறைகள்: சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் ஆங்கில இலக்கியக் கல்வியும் தமிழ் எழுத்தும்

ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் தமிழில் நாவலும் நாடகமும் எழுதத் தலைப்பட்ட வரலாற்றை 'மேனாட்டுத் தாக்கம்' என்னும் ஒரு தொடரால் முடித்துவிடுவது நம் இலக்கிய வரலாற்று நூல்களின் வழக்கம். அத்தாக்கம் எங்கே நிகழ்ந்தது, யார் எதனைக் கற்பித்தபொழுது நிகழ்ந்தது, மாணவன் எந்த வினாவுக்கு விடை எழுதும்பொழுது நிகழ்ந்தது என்று கேட்பார் அரியர். தாக்கம் என்பது காற்றில் மிதந்து வருவதன்று. அதற்கு ஒரு கட்டடமும் ஒரு பாடத்திட்டமும் ஒரு மணியோசையும் உண்டு. இக்கட்டுரை அவ்வினாவை ஒரே ஒரு கல்லூரியை முன்னிறுத்திக் கேட்கிறது.

சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1837இல் ஸ்காத்லாந்து மதபோதகர் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயரும் வரை நகரின் நடுவே, எஸ்பிளனேடு சாலையில் இயங்கிற்று. 1880களின் பிற்பகுதியிலும் 1890களின் தொடக்கத்திலுமாக, சில ஆண்டு இடைவெளிக்குள், அங்கே மூன்று இளைஞர் பயின்றனர். வத்தலக்குண்டிலிருந்து வந்த பி. ஆர். இராஜம் ஐயர் (1872–1898), திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்திலிருந்து வந்த அ. மாதவையா (1872–1925), மதுரையை அடுத்த விளாச்சேரியிலிருந்து வந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903) ஆகியோரே அம்மூவர். தமிழின் தொடக்க கால நாவல்களுள் தலையாயவை இரண்டும், புதிய நாடக இலக்கணத்தின் முதல் முயற்சியும், தமிழைச் செம்மொழி என நிறுவ எழுந்த முதற்குரல்களுள் ஒன்றும் இம்மூவரிடமிருந்து வந்தன. இது தற்செயல் அன்று என்பது என் துணிபு. ஆனால் அதன் காரணத்தை ஆங்கில வகுப்பறையில் மட்டும் தேடினால் பாதி விடையே கிட்டும். அதே கூரையின்கீழ் இன்னொரு வகுப்பறையும் இருந்தது. அது தமிழ் வகுப்பறை.

மில்லரின் ஷேக்ஸ்பியர்

ஆங்கில இலக்கியம் ஒரு கல்வித்துறையாக இங்கிலாந்தில் நிலைபெறுவதற்கு முன்பே இந்தியாவில் நிலைபெற்றது என்பதை இன்று பலரும் அறிவர். ஆக்ஸ்போர்டில் அதற்கெனப் பட்டப் பிரிவு 1890களில்தான் அமைந்தது. கேம்பிரிட்ஜில் 1917 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட ஆண்டோ 1857. இதனை ஆராய்ந்த கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட நூலில் ஒரு விளக்கம் தந்தார். சமய நடுநிலையை மேற்கொண்ட அரசு, தன் பள்ளிகளில் விவிலியத்தைக் கற்பிக்க இயலாமையால், அவ்வொழுக்கப் பயிற்சியின் பொறுப்பை இலக்கியத்தின் தோளில் ஏற்றியது என்பது அவ்விளக்கத்தின் சாரம். ஷேக்ஸ்பியரும் மில்டனும் வேதாகமத்தின் மாற்றுருவாயினர்.

அரசுக் கல்லூரிகளுக்கு இவ்விளக்கம் நன்கு பொருந்தும். கிறித்துவக் கல்லூரிக்கு முழுவதும் பொருந்தாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே விவிலிய வகுப்பு வெளிப்படையாகவே நடந்தது. இந்து மாணவரும் அதில் அமர்ந்தனர். ஆகவே அங்கே ஷேக்ஸ்பியர் வேதாகமத்தின் மாற்று அல்லர், துணை. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மணிநேரம் வேதாகமத்தின் ஒரு பகுதியை எடுத்து, இம்மனிதன் ஏன் இவ்வாறு செய்தான், எந்த இடத்தில் வழி தவறினான் என்று கேட்கப் பழகிய மாணவன், அடுத்த மணிநேரம் மாக்பெத்தைப் பற்றியும் அதே வினாவைக் கேட்கிறான். வாசிக்கும் முறை ஒன்றே, நூல்தான் வேறு.

இம்முறையின் உருவமாக விளங்கியவர் வில்லியம் மில்லர். 1862இல் சென்னைக்கு வந்து, 1907 வரை கல்லூரியை நடத்தியவர். 1901 முதல் 1904 வரை பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். மதமாற்ற எண்ணிக்கையால் தம் பணியை அவர் அளக்கவில்லை. கிறித்துவச் சிந்தனை புளித்த மாவு போல இந்துச் சமுதாயம் முழுவதிலும் மெல்லப் பரவினால் போதும் என்று கருதினார். இதற்காகத் தம் சபையினராலேயே குறைகூறப்பட்டார். 1900ஆம் ஆண்டையொட்டி அவர் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் ஆய்வுகளின் தலைப்புகளைத் தமிழில் சொன்னாலே அவருடைய போக்கு விளங்கும்: 'லியர் மன்னனும் இந்திய அரசியலும்', 'மாக்பெத்தும் ஆன்மாக்களின் அழிவும்', 'ஒதெல்லோவும் குணத்தின் சிதைவும்', 'ஹாம்லெத்தும் வாழ்வின் விரயமும்'. இன்றைய ஆங்கிலத் துறையினர் இத்தலைப்புகளைக் கண்டு புன்னகைப்பர். நானும் ஒரு காலத்தில் புன்னகைத்ததுண்டு. நாடகத்தை நீதிநூலாகச் சுருக்கும் பழைய பாணி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 'குணத்தின் சிதைவு' என்ற சொற்சேர்க்கையைச் சற்று நின்று நோக்கல் வேண்டும். குணம் என்பது பிறவியிலேயே அமைந்து மாறாது நிற்பதன்று. காலத்தில் கட்டப்படுவது, காலத்தில் சிதைவது. அச்சிதைவைப் படிப்படியாகப் பின்தொடரலாம் என்னும் எண்ணம் அதனுள் இருக்கிறது. நாவல் என்னும் இலக்கிய வகைக்கு இதனினும் சிறந்த முன்னுரை வேறு இல்லை.

ஐயத்தின் உள்ளே

இராஜம் ஐயரின் நாவல் 1893 முதல் 1895 வரை 'விவேகசிந்தாமணி' இதழில் தொடராக வந்தது. அதன் முழுப்பெயர் 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898இல் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர் ஓர் ஒற்றுமையைக் காணாதிருக்க இயலாது. இரண்டிலும் குற்றமற்ற மனைவியின்மேல் பழி எழுகிறது. இரண்டிலும் கணவன் அதனைக் காதில் வாங்குகிறான். முத்துஸ்வாமி ஐயர் செல்வமும் மகனும் இழந்த நிலையில், கமலாம்பாளைப் பற்றிய அபவாதத்தையும் கேட்டு உயிரை மாய்த்துக்கொள்ளும் எல்லை வரை செல்கிறார். நாராயணன் தன் நண்பன் கோபாலனையும் பத்மாவதியையும் இணைத்து ஐயுற்று வேகிறான். மாதவையா பின்னர் ஒதெல்லோவையே 'உதயலன்' என்னும் பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஒரே கல்லூரியிலிருந்து வந்த இருவரின் முதற்பெரும் படைப்புகள் இரண்டும் ஒரே முடிச்சைச் சுற்றி அமைந்தமைக்கு அவ்வகுப்பறை நாடகம் ஒரு காரணம் என ஊகிப்பது மிகையாகாது.

இதற்கு ஒரு தடை உடனே எழும். மனைவிமேல் எழும் பழி தமிழருக்குப் புதிதா? உத்தரகாண்டத்துச் சீதையின் கதையை அறியாத வீடு உண்டா? தடை நியாயமானதே. பழிச்சொல் புதிதன்று. அதனைக் கேட்ட ஆடவனின் மனத்துக்குள் எழுத்தாளன் எத்தனை பக்கம் தங்குகிறான் என்பதே புதிது. பழைய கதையில் பழி எழுகிறது, முடிவு எடுக்கப்படுகிறது. துன்பம் முழுவதும் பெண்ணுக்கு. இந்நாவல்களில் ஐயம் ஒரு நோய்போல வளர்வதை, அதற்கு அன்றாடச் சிறு நிகழ்ச்சிகள் உணவாவதை, நம்ப விரும்பாதவன் நம்பத் தொடங்குவதை வாசகன் கூடவே இருந்து காண்கிறான். ஐயுற்றவனே ஆராயப்படுகிறான். மில்லரின் வகுப்பில் வினாத்தாளுக்காகப் பழகிய குணவாராய்ச்சி, மதுரைப் பக்கத்துக் குடும்பத்தின் நடுக்கட்டுக்குள் வந்து அமர்ந்தது இவ்வாறுதான்.

ஆசிரியரின் முறையை எடுத்துக்கொண்ட மாணவர்கள் அவருடைய நோக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இராஜம் ஐயர் நாவலை வேதாந்தத்தில் கொண்டுபோய் முடித்தார். 1896இல் தொடங்கிய 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராகி, இருபத்தாறு வயதில் மறையும் வரை அதில் எழுதினார். கிறித்துவக் கல்லூரியில் கற்ற ஆங்கில உரைநடை வேதாந்தப் பிரசாரத்துக்குப் பயன்பட்டதைக் கண்டு மில்லர் வருந்தினாரோ, தம் புளித்த மாவுக் கொள்கைப்படி அமைதியடைந்தாரோ! மாதவையாவின் வழி வேறு. தம் சாதியின் போலித்தனத்தையும் விதவையர் நிலையையும் அவர் சாடியதில் சமயப் பிரசாரத்தின் வெப்பம் உண்டு; ஆனால் அவர் கிறித்துவர் ஆகவில்லை. 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' நாவலில், பதினெட்டாம் நூற்றாண்டில் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றுப் பாளையங்கோட்டைத் திருச்சபைக்கு வித்திட்ட பிராமண விதவையைக் கதைத்தலைவியாக்கினார். தாம் ஏறாத படியொன்றை ஏறியவளை இத்தனை பரிவோடு எழுதியது அக்கல்லூரியின் விளைவுகளுள் மிக விநோதமானது.

எழுதப் பயிற்றிய இதழ்

வாசிக்கக் கற்பித்ததைப் பற்றியே இதுவரை கூறினேன். எழுதக் கற்பித்தது எது? தேர்வுக்கான கட்டுரைப் பயிற்சி ஓரளவு. அதனினும் பெரிய பள்ளி, 1883இல் தொடங்கிய கல்லூரி இதழாகும். 'மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின்' மாணவர் கைப்பழக்கத்துக்கான ஏடு மட்டும் அன்று. சமயம், வரலாறு, மொழியியல், இலக்கியம் எனச் சென்னை மாகாணத்தின் அறிவுலகம் முழுவதும் வாசித்த இதழ். மாதவையாவின் இளமைக்கால ஆங்கில எழுத்துகளுக்கு அது இடம் தந்தது. கிருபாபாய் சத்தியநாதன் எழுதிய 'சகுணா' 1880களின் பிற்பகுதியில் அதில்தான் தொடராக வந்தது. இந்தியப் பெண்ணொருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல்களுள் அது ஒன்று. ஆடவர் மட்டுமே பயின்ற கல்லூரியின் இதழில், அக்கல்லூரியில் சேர வழியில்லாத ஒரு பெண் தம் கல்வித் தாகத்தைக் கதையாக எழுதினார் என்பதை நம் நாவல் வரலாறுகள் இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை. அவர் மராத்தி நாட்டிலிருந்து வந்தவர், எழுதியது ஆங்கிலம். எனவே தமிழாய்வாளர் கண்ணுக்கு அவர் தென்படுவதில்லை.

இவ்விதழின் பழைய தொகுதிகளைத் தமிழாய்வாளர் பக்கம் பக்கமாகப் படித்தல் வேண்டும். 'விவேகசிந்தாமணி'யும் கல்லூரி இதழும் ஒரே மேசையில் விரிக்கப்பட வேண்டியவை. மாதவையா ஒரு கையால் 'சாவித்திரி சரித்திர'த்தை 1892இல் தமிழ் இதழுக்குத் தொடங்கினார். அது இடையில் நின்று, 1903இல் 'முத்துமீனாக்ஷி' எனப் புத்தகமாயிற்று. அதே 1903இல் அவருடைய ஆங்கில நாவல் 'தில்லை கோவிந்தன்' சென்னையில் வெளிவந்தது. 1916இல் லண்டனிலும் பதிப்பிக்கப்பட்டது. ஓர் ஆண்டில், ஒரே மனிதர், இரு மொழிகளில் வெளியிட்ட இவ்விரு நூல்களை நாம் இரு வேறு நூலக அலமாரிகளில் வைத்திருக்கிறோம். இரு வேறு துறையினர் அவற்றைப் படிக்கின்றனர். ஆங்கிலத் துறையினர் அவரை இந்திய ஆங்கில நாவலின் முன்னோடி என்பர். தமிழ்த் துறையினர் மூன்றாம் நாவலாசிரியர் என்பர். அவர் தம்மை அவ்வாறு வெட்டிக்கொண்டதில்லை.

மற்றொரு வகுப்பறை

இனி, தமிழ் வகுப்பறை. பட்டப்படிப்பில் ஆங்கிலம் அனைவர்க்கும் உரியது. தமிழ் 'இரண்டாம் மொழி' என்னும் பட்டியலில், வடமொழி முதலியவற்றோடு மாணவன் தேர்ந்துகொள்ளும் ஒன்று. கற்பித்தவர் 'தமிழ்ப் பண்டிதர்'. பேராசிரியர் என்னும் பெயரும் அதற்குரிய ஊதியமும் ஆங்கிலத்தாருக்கு. அக்காலத்து ஆங்கிலம் படித்த இளைஞர் பண்டிதரை எவ்வாறு நோக்கினர் என்பதற்குச் சான்று வேண்டின் 'கமலாம்பாள் சரித்திர'த்தையே புரட்டலாம். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை தமிழ் நாவலின் முதல் பெரும் நகைச்சுவைப் பாத்திரம். கடினச் செய்யுளும் சிலேடையும் யமகமும் தவிர உலகில் வேறெதுவும் அறியாத பண்டிதர். இராஜம் ஐயர் அவரை வெறுக்கவில்லை. கம்பனிலும் தாயுமானவரிலும் தோய்ந்தவர் வெறுக்க இயலாது. எனினும் அச்சிரிப்பில் ஆங்கில வகுப்பின் இருக்கையிலிருந்து தமிழ் வகுப்பை எட்டிப்பார்க்கும் பார்வை உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

அந்த எள்ளலுக்கு ஆளான நாற்காலியை விரும்பி ஏற்றவர் சூரியநாராயண சாஸ்திரியார். 1892இல் தமிழிலும் தத்துவத்திலும் முதன்மையாகத் தேறியவர். தத்துவம் கற்பிக்கும் வாய்ப்பு இருந்தும், 1893இல் அதே கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவரைப் பற்றிய வரலாறுகளில் தவறாது சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. மில்லர் டெனிசனைப் பாடம் நடத்தும்பொழுது, நீரில் செல்லும் படகின் துடுப்புக்கு வந்த ஓர் உவமையைப் பாராட்டி, இதுபோல் தமிழில் உண்டா என்று வினவினாராம். மாணவராயிருந்த சாஸ்திரியார் எழுந்து, கங்கையில் குகன் ஓடம் செலுத்தும் கம்பன் செய்யுளைச் சொல்லி விளக்கினாராம். மில்லர் மகிழ்ந்தாராம். மேடைகளில் இந்நிகழ்ச்சி சொல்லப்படும்பொழுதெல்லாம் கைதட்டல் எழும். எனக்கும் அது பிடித்த கதைதான். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் வேறொன்று கண்ணில் படுகிறது. கேள்வி ஆங்கிலத்திலிருந்து வருகிறது. தமிழ் விடை சொல்ல எழுந்து நிற்கிறது. கம்பனில் உள்ள ஓர் உவமையைச் சொல்லி, இதற்கு ஈடாக டெனிசனில் உண்டா என்று யாரும் வினவியதாகக் கதை இல்லை.

சாஸ்திரியார் இதனை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் செய்த பணிகளே சான்று. ஆங்கிலச் சானட் போலப் பதினான்கு அடிகளில் தமிழ்ச் செய்யுள் இயற்றிப் 'பரிதிமாற் கலைஞன்' என்ற புனைபெயரில் 'தனிப்பாசுரத் தொகை'யாக வெளியிட்டார். போப் ஐயர் அவற்றுட் சிலவற்றை ஆங்கிலமாக்கினார். 'ரூபாவதி', 'கலாவதி' நாடகங்களை எழுதியதோடு நில்லாமல், 1897இல் 'நாடகவியல்' என்னும் இலக்கண நூலையும் செய்தார். ஆங்கில நாடகங்களைப் போலத் தமிழில் எழுதுவது ஒன்று. அவ்வாறு எழுதுவதற்குரிய விதிகளைத் தமிழ் மரபில், செய்யுள் வடிவில் வகுப்பது மற்றொன்று. முன்னது மாணவன் செயல். பின்னது ஆசிரியன் செயல். நாடகங்கள் மேடையில் நெடிது வாழவில்லை, நடை கடினமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இலக்கணம் வகுத்த துணிவு நிலைத்தது.

அவருக்குத் துணையாக நின்றவர் அக்கல்லூரியின் ஆங்கிலத் துறையைச் சேர்ந்த மு. சி. பூரணலிங்கம் பிள்ளை. இருவரும் 1897இல் 'ஞானபோதினி' இதழை நடத்தத் தொடங்கினர். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை விலக்கும் கருத்து 1902ஐ ஒட்டி எழுந்தபொழுது அதற்கெதிராக இருவரும் உழைத்தனர். தமிழ் 'உயர்தனிச் செம்மொழி' என்னும் சாஸ்திரியாரின் வாதம் அச்சூழலில் உருவானது. இந்திய அரசு அதனை ஏற்க 2004 ஆயிற்று. அவ்வாதத்தின் அளவுகோல்களை உற்று நோக்கினால், கிரேக்கம், இலத்தீன், வடமொழி ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஒரு மொழியின் தகுதியை நிறுவும் முறை தெரியும். அது ஆங்கிலப் பல்கலைக்கழகக் கல்வி தந்த முறை. அதே ஆயுதத்தைக் கொண்டு அக்கல்வியின் படிநிலையை எதிர்த்தார். 1904இல் பூரணலிங்கம் பிள்ளை தமிழிலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். சாஸ்திரியார் அதற்கு முன்னாண்டே முப்பத்து மூன்று வயதில் மறைந்திருந்தார்.

ஈழத்து அன்பர்கள் இவ்விடத்தில் வட்டுக்கோட்டையை நினைப்பர். நினைத்தல் தகும். 1823இல் அமெரிக்க மிஷனார் அங்கே நிறுவிய செமினறியில் தமிழும் ஆங்கிலமும் இத்தகைய மேல்-கீழ் ஏற்பாடின்றி அருகருகே கற்பிக்கப்பட்டன. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகி, பின்னர்த் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். 1855இல் செமினறி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி சுவிசேஷத்துக்கு ஆள் சேர்க்காமல் அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் சேர்க்கிறது என்ற மனக்குறை அதற்கு ஒரு காரணம். அதுபற்றித் தனியே எழுத வேண்டும்.

ஒரு தன்வரலாற்றுக் குறிப்பு

இவ்வரங்கில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவது முறையன்று எனக் கருதுவோர் பொறுத்தருள்க. 1970களின் இறுதியில் தென்தமிழ்நாட்டில் ஒரு கிறித்துவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றேன். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து சென்றவர் எங்கள் வகுப்பில் நால்வர். பாடத்திட்டத்தில் 'பகுதி ஒன்று' தமிழ். முதன்மைப் பாடம் 'பகுதி மூன்று'. எண்ணால் மட்டுமே தமிழ் முதலாவது. பல துறை மாணவர்களை ஒரே பெருங்கூடத்தில் அடைத்து, பெரும்பாலும் உணவு இடைவேளைக்குப் பின்னர்த் தமிழ் வகுப்பு நடக்கும். மற்ற ஆசிரியர்களை 'சார்' என்போம். அவரை 'தமிழையா' என்போம். அன்போடுதான் அழைத்தோம், ஆனால் அவர் வேறு வகை என்பது அவ்வழைப்பிலேயே இருந்தது. அவர் குறுந்தொகை நடத்திக்கொண்டிருக்க, நான் கடைசி வரிசையில் குனிந்து, மறுநாள் ஒப்படைக்க வேண்டிய ஜார்ஜ் எலியட் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் அருகில் வந்து நின்று தாளைப் பார்த்தார். "எழுதுங்கள், எழுதுங்கள். முடித்ததும் இங்கேயும் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பின்னர் வெளிநாட்டில் விக்டோரியா கால நாவலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதலாண்டு, என் நெறியாளர், உங்கள் மொழியில் நாவல் எப்பொழுது எழுந்தது என்று கேட்டார். 1879 என்றேன், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பெயரையும், இராஜம் ஐயர், மாதவையா பெயர்களையும் ஒப்பித்தேன். மகிழ்ந்து, அவற்றுள் உங்களுக்குப் பிடித்தது எது என்று அடுத்து வினவினார். ஒன்றையும் நான் படித்ததில்லை. ஐந்து மதிப்பெண் வினாவுக்குரிய பெயர்களாகவே அவர்களை அறிந்திருந்தேன். அப்பல்கலைக்கழக நூலகத்தின் தென்னாசியப் பகுதியில் 'கமலாம்பாள் சரித்திரம்' இருந்தது. பல ஆண்டுகளாக எவரும் எடுத்ததாகத் தெரியவில்லை. குளிர்காலத்தின் ஒரு வார இறுதியில் அதனைப் படித்து முடித்தேன். நான் ஆங்கிலத்தில் விரும்பிக் கற்றவை அனைத்தும், குணம் சிதைவதைப் பின்தொடரும் பொறுமை உட்பட, நான் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்னரே என் மொழியில் நிகழ்ந்துவிட்டன என்பதை அன்று அறிந்தேன். என் ஆய்வேட்டின் தலைப்பை மாற்றத் துணிவு வரவில்லை. மானியம் விக்டோரியா நாவலுக்கே வழங்கப்பட்டிருந்தது.

இன்று கனடாவில் நான் கற்பிக்கும் ஆங்கில வகுப்பில் ஆண்டுதோறும் இரண்டு மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இருப்பர். பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தவர். தமிழ் பேசுவர், சிலர் எழுத்துக்கூட்டிப் படிப்பர். அவர்களுக்குத் 'தில்லை கோவிந்த'னைப் பாடமாக வைக்க இயலுகிறது, அது ஆங்கிலத்தில் இருப்பதால். அதே ஆசிரியரின் 'பத்மாவதி சரித்திர'த்தை மொழிபெயர்ப்பில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. மாதவையாவின் இரு கைகளுள் ஒன்றை மட்டுமே அவர்களால் பற்ற முடிகிறது. அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. நான் தமிழகத்திலேயே இருந்துகொண்டு கடைசி வரிசையில் அமர்ந்தவள்.

ஆட்சிமன்றத்தில்

மாதவையா பட்டம் பெற்றபின் உப்பு இலாகாவில் அதிகாரியாகி, ஊர் ஊராகச் சென்று பணியாற்றினார். ஓய்வுபெற்றபின் சென்னையில் சொந்த அச்சகம் வைத்து, 1924இல் 'பஞ்சாமிர்தம்' என்னும் தமிழ் மாத இதழைத் தொடங்கினார். முப்பதாண்டுகளுக்கு மேலாக இரு மொழிகளிலும் எழுதிவந்தவர், தம் கைப்பொருளை இட்டு நடத்தியது தமிழ் இதழையே. 'பத்மாவதி சரித்திர'த்தின் மூன்றாம் பாகத்தை அதில் எழுதத் தொடங்கினார்.

சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்தில் அவர் உறுப்பினராகவும் இருந்தார். 1925 அக்டோபர் 22 அன்று, பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று அம்மன்றத்தில் பேசினார். அவர் மாணவராக இருந்த காலத்தில் இரண்டாம் மொழியாக, விரும்பினால் எடுத்துக்கொள்ளும் ஒன்றாக இருந்த பாடத்தைப் பற்றிய பேச்சு அது. பேசி முடித்து அமர்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். வயது ஐம்பத்து மூன்று. 'பத்மாவதி'யின் மூன்றாம் பாகம் முற்றுப்பெறாமல் நின்றது.